கல்யாணத்துக்குப் போகும் வழி

எங்கள் பக்கத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில், உறவினர் பெயர்ப் பட்டியலுக்கும் அச்சகத்தின் பெயருக்கும் நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் வரவும்.’ வழி சொல்ல அந்த ஒரு வரி போதும். 1976 வைகாசியில் என் அத்தையின் கல்யாணப் பத்திரிகையில் இருந்ததும் அதுதான். 2024 ஆவணியில் என் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு அழைப்போடு சேர்ந்து கைப்பேசிக்கு வந்தது பல பக்கங்கள் கொண்ட ஒரு வழிகாட்டி. விசா, காப்பீடு, விமானம், கப்பல், காலணி, காற்று, குடிநீர், எந்த மாலைக்கு எந்த நிறத்தில் உடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கல்யாணம் கிரேக்க நாட்டில், சாந்தோரினித் தீவில்.

திண்டிவனம், செஞ்சி, வானூர், மரக்காணம் பக்கத்துக் குடியானவர்களுக்கு அன்று வெளியூர்க் கல்யாணம் என்றால் மயிலம்தான். சின்னக் குன்று, மேலே முருகன். கோயில் பொம்மபுர ஆதீனத்தைச் சேர்ந்தது. அதே ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி அடிவாரத்து ஊருக்கு இன்னொரு பெருமை. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் எந்த ஊரில் வைப்பது என்று பேச்சு நீளும்போது, யாராவது ஒரு பெரியவர் “மயிலத்துல வெச்சிக்கலாம்” என்பார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம். நேர்த்திக்கடனும் தீர்ந்துவிடும். நல்ல முகூர்த்த நாளில் மலைமேல் மாலையும் கழுத்துமாக வரிசையில் நிற்கும் ஜோடிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

எங்கள் ஊர் திண்டிவனம் – மரக்காணம் சாலையிலிருந்து உள்ளடங்கியது. அத்தை கல்யாணத்தில் நான் சிறுவன். தாலி கட்டியதைவிட என் நினைவில் அழுத்தமாக நிற்பது தாத்தா அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த விதம். சென்னை உறவினர்கள் எழும்பூரில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவார்கள். அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. ஆனாலும் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 1960களிலேயே மின்சாரம் வந்துவிட்டதால் கரிப்புகை இல்லை என்று சென்னைச் சித்தி பெருமையாகச் சொல்வாள். ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும் பெரியப்பா ஒருவர் ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்பது தாத்தாவின் உத்தரவு. பஸ் நிலையத்தில் நிற்க இன்னொருவர். வெளியே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்த வண்டிகள் காத்திருக்கும். இரவில் வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் ஊரிலிருந்து வாடகை பஸ் கிளம்பியது. முன் இருக்கைகள் பாட்டிகளுக்கு. கர்ப்பிணிகள் சக்கரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று அம்மா இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். பானை நிறைய நீர்மோர் பின்படிக்கட்டில். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை நிறுத்தித் தாத்தா ஒரு முறை தலை எண்ணினார். எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு அவரிடம் எழுத்தில் இல்லை, மனத்தில் இருந்தது. “எல்லப்பன் ஊட்டுல நாலு பேரு, மூணுதான் இருக்குது. யாரைக் காணோம்?” என்று அவர் கேட்டதும், காணாமல்போனவர் பஸ் மேலே சாமானோடு படுத்திருந்து குரல் கொடுத்ததும் இன்றும் வீட்டில் பேசப்படுகிறது.

மண்டபத்தில் பாய் போட்டாயிற்றா, விடியற்காலை வெந்நீர் உண்டா, மலை ஏற முடியாதவர்களோடு கீழே யார் துணை இருப்பது என்பதெல்லாம் மணவீட்டின் பாடு. விருந்தாளிக்கு ஒரே வேலை, கிளம்பி வருவது. திரும்பும்போது தாம்பூலப் பையோடு, தூரத்துக்குப் போகிறவர்களுக்கு வாழை இலையில் கட்டிய புளிசாதம். ரயிலில் பசிக்கும் என்பதும் தாத்தாவின் கவலையாக இருந்தது.

அந்தக் காலத்தை வெறும் இனிப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வண்டி ஓட்டியவர்களும் விறகு பிளந்தவர்களும் எங்கள் பந்தியில் உட்காரவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாகப் பின்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் பந்தி முடியும்போது குழம்பு அடியில் இருந்தது. அத்தையிடம் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிப் படிப்பு முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டவளை அந்த பஸ் மயிலத்துக்குக் கொண்டுபோனது. அண்ணன் மகள் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தாள். மாப்பிள்ளை பஞ்சாப்காரர், ஜெர்மனியில் அவளோடு வேலை பார்ப்பவர். வரதட்சணைப் பேச்சே இல்லை. சாதி கேட்கப்படவில்லை. இந்தக் கல்யாணத்தை நான் முழு மனத்தோடு கொண்டாடுகிறேன். அதனால்தான் அதற்குப் போகும் வழியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

ஏன் சாந்தோரினி என்று கேட்டேன். “உங்க சொந்தம் தமிழ்நாட்டுல, அவங்க சொந்தம் பஞ்சாப்லயும் கனடாவுலயும், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஐரோப்பாவுல. எல்லாருக்கும் பொதுவா ஓர் இடம் வேணும் சித்தப்பா” என்றாள். மயிலத்துக்குச் சொன்ன அதே காரணம். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

முதலில் வந்தது நாள் பார்க்கும் சிக்கல். ஐரோப்பாவில் எல்லோருக்கும் நீண்ட விடுமுறை கிடைப்பது ஆகஸ்டில். ஆகஸ்டின் முதல் பாதி நமக்கு ஆடி. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். நடுவில் கிடைப்பது ஆவணி மட்டும். அது நல்லதாகவே அமைந்தது. அந்தக் கடலில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற காற்று ஜூலை, ஆகஸ்டில் கடுமையாக இருக்கும், கப்பல்கள்கூட நிறுத்தப்படும். ஆவணிக் கடைசிக்குள் அது தணியத் தொடங்குகிறது. வெயிலும் குறைகிறது. பஞ்சாங்கமும் பருவமும் ஒத்துப்போன ஒரே இடுக்கு அது. கோடையில் ஐரோப்பியத் தீவில் கல்யாணம் வைக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது விசா. கிரேக்கம் ஷெங்கன் நாடு. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது, விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. இவையெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியங்கள். முடியாதது வேறு. வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம், வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம் என்று கேட்கிறார்கள். எங்கள் மாமாவுக்கு நான்கு ஏக்கர் மணிலாக்கொட்டை. திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை போட்டுப் பணம் வாங்கி, கடனை அடைத்து, மீதியைச் சீட்டில் போடுகிறவர். கௌரவமான மனிதர். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அத்தை கைம்பெண், கையில் முதியோர் உதவித்தொகையும் மகன் அனுப்பும் பணமும். ஆதார் அட்டையில் ஒரு பிறந்த வருஷம், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. இருவருக்கும் வழி அங்கேயே நின்றது.

அண்ணன் மகள் அழுதாள். “அத்தைப் பாட்டி இல்லாம எப்படி சித்தப்பா?” என்று ஜெர்மனியிலிருந்து இரவெல்லாம் பேசினாள்.

சட்டம் வேறொரு வாசலைத் திறந்தது. கிரேக்கத்தில் சட்டப்படி கல்யாணம் செய்ய இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று எல்லாம் அப்போஸ்டில் முத்திரையோடு, கிரேக்க மொழிபெயர்ப்போடு வேண்டும். அங்கே போய்க் கல்யாணம் செய்யும் வெளிநாட்டார் பலரும் அதனால் சொந்த நாட்டில் பதிவை முடித்துவிட்டு, தீவில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இவர்களும் அதையே முடிவு செய்தார்கள். பதிவு எங்கே என்ற பேச்சு வந்தபோது அத்தை சொன்னாள்: “மயிலத்துல தாலி கட்டிக்கட்டும். எனக்கும் அங்கதான் ஆச்சு.”

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மலைமேல் கல்யாணம் நடந்தது. கூட்டம் சேர்க்கவில்லை, வீட்டு ஆட்கள் மட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். கோயில் ரசீதும் போட்டோவும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அதையும் முடித்தோம். அத்தை காரில் வரவில்லை. கார் அனுப்புகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, “டவுன் பஸ்ல காசே வாங்கறதில்ல, எதுக்கு காரு?” என்று சொல்லிவிட்டு, பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸில் ஏறி, திண்டிவனத்தில் மாறி, மஞ்சள் பையில் தாம்பூலச் சாமானோடு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கையெழுத்திட்ட சாட்சிகளில் அவளும் ஒருத்தி. சட்டத்தின் கண்ணில் என் அண்ணன் மகள் மனைவியான கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தவள் அத்தை. கடல் கடந்து போன நாங்கள் எல்லோரும் பார்த்தது அதற்குப் பிந்தைய கொண்டாட்டத்தை.

அந்தக் கொண்டாட்டமும் அழகானதுதான். போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில உண்டு.

தமிழ் வீட்டுக் கல்யாணப் பையில் எது போகும், எது போகாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, தேடித்தான் தெரிந்துகொண்டோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள். ஆகவே நெய்யில் செய்த இனிப்பும் சந்தேகத்துக்கு உரியதே. 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், பழம், பூ, இலை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். விலக்குள்ளவை ஐந்தே பழங்கள்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. தேங்காயும் வாழைப்பழமும் விலக்கில் இருப்பது நமக்கென்றே எழுதியதுபோல் வாய்த்திருக்கிறது. வெற்றிலை, மாவிலை, மல்லிகைச் சரம் மூன்றும் போகாது. கற்பூரம் தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். கொப்பரைக்கும் தடை உண்டு. மஞ்சள், குங்குமம், அரிசி, பட்டு, தாலிக்கயிறு இவற்றுக்குச் சிக்கல் இல்லை. மல்லிகைக்குப் பதிலாகத் திண்டிவனத்தில் வாங்கிய துணிப்பூச் சரத்தை என் மனைவி எல்லாப் பெண்களுக்கும் வைத்துவிட்டாள். ஜெர்மனியப் பெண்கள் அதைக் கடைசி நாள்வரை எடுக்கவில்லை.

நகை கொண்டுபோகிறவர்கள் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, எடுத்துச் செல்வதற்கான சான்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது அது நம் நகைதான் என்று காட்ட அதுவே எளிய வழி. அரைமணி நேரம் முன்னதாகப் போனால் போதும்.

தீவைப் பற்றி. சாந்தோரினி என்பது உடைந்த எரிமலையின் விளிம்பு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்ததில் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. எஞ்சிய செங்குத்தான பாறை முகத்தில்தான் படங்களில் பார்க்கும் வெள்ளை வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விருந்தாளிக்கு இதன் பொருள் படிகள். வண்டி ஊர் எல்லையில் நின்றுவிடும். அங்கிருந்து விடுதிவரை கல் பாவிய சந்தும் படியும். பெட்டியைச் சுமக்க ஆள் வைத்திருப்பார்கள், நம்மைச் சுமக்க யாரும் இல்லை. பழைய துறைமுகத்திலிருந்து மேலே உள்ள ஃபீரா ஊருக்கு ஏற 588 படி. கழுதையில் ஏற்றிச் செல்கிறார்கள். 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2018இல் விதி கொண்டுவந்த பிறகும் அந்த விலங்குகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கம்பிவட வண்டி இருக்கிறது, அதில் போங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் பாறை முகத்து விடுதியைத் தவிர்த்து, கமாரி, பெரிஸ்ஸா போன்ற கடற்கரை ஊர்களில் தங்கலாம், அங்கே தரை சமம். மணல் கறுப்பு, மதியத்தில் வெறுங்காலோடு மிதிக்க முடியாது.

ஏதென்சிலிருந்து விமானம் முக்கால் மணி நேரம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் என்றால் ஐந்திலிருந்து எட்டு மணி நேரம், கப்பலைப் பொறுத்து. காற்றுக் காலத்தில் கப்பல் தள்ளிப்போகலாம் என்பதால் கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்பே தீவில் இருக்கும்படி வர வேண்டும். ‘முதல் நாளே வந்துவிடவும்’ என்று நம் பெரியவர்கள் எழுதியது அங்கேயும் செல்லும். தீவில் டாக்சிகள் மிகக் குறைவு. குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டில் வாங்குகிறார்கள். சேலை கட்டும் பெண்கள் முந்தானைக்கு ஊக்கு கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும், விளிம்பில் காற்று எப்போதும் உண்டு. குதி உயர்ந்த செருப்பு அந்தக் கல் பாதைக்கு ஆகாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சைவர்கள் ‘நிஸ்டீசிமோ’ என்று கேட்கலாம். அவர்களுடைய மதத்தில் விரத நாள்கள் ஏராளம், அன்றைக்கான உணவில் இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. சிப்பி, இறால் இருக்கக்கூடும், அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த எரிமலை மண்ணில் விளையும் ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருகிறார்கள். ஃபாவா என்று பெயர். நம் வீட்டுக் கடைந்த பருப்பேதான் அது. மனைவி கொண்டுவந்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயோடு அதைச் சாப்பிட்டபோது ஊர் நினைவு வந்துவிட்டது. வெள்ளைக் கத்தரிக்காயும் தக்காளி வடையும் அந்தத் தீவின் சொந்தப் பண்டங்கள், விட்டுவிடாதீர்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஏழு மணிக்கு ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

கோடை முடியும்வரை அங்கே காட்டுத்தீ அச்சம். மே முதல் அக்டோபர் வரை தீ எரிப்பதற்குக் கட்டுப்பாடுகள். ஆகவே அக்னி வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை. சூரியன் இறங்கும் நேரத்தில் மாலை மாற்றினார்கள், மாப்பிள்ளையின் பாட்டனார் பஞ்சாபியில் வாழ்த்தினார், நான் தமிழில் வாழ்த்தினேன், கடலுக்கு அப்பால் எரிமலைத் திட்டு கறுத்துக்கொண்டே போனது. படிகளில் முதியவர்களை இறக்கும்போது அண்ணன் மகளின் நண்பர்களான இளைஞர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய வழிகாட்டியில் இதற்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது: ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் இளைஞர் பெயர் குறித்திருந்தது. யார் யோசனை என்றேன். “அத்தைப் பாட்டி போன்ல சொன்னாங்க” என்றாள் மணப்பெண்.

ஊரில் வரவேற்பு கார்த்திகையில் என்று முடிவு செய்திருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகி ஜி.எஸ்.டி. சாலையிலும் போக்குவரத்து நின்றது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அரிசிப்பானை மிதந்தது. கல்யாணப் பேச்சு எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. தைக்குத் தள்ளி வைத்தோம். அந்தக் குளிர்காலத்தில் சாந்தோரினியிலும் நிலம் நிலைகொள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் ஓயாமல் வந்த நிலநடுக்கங்களால் ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினார்கள். எங்களுக்குப் பெட்டி சுமந்தவர் எங்கே போனாரோ என்று மனைவி பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரவேற்புக்கு அண்ணன் பிடித்திருந்தது கடலோர விடுதி ஒன்று. அழைப்பில் புதுச்சேரி என்று அச்சிட்டிருந்தது. அந்த இடம் உண்மையில் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சின்ன முதலியார்சாவடி, கோட்டகுப்பம், தந்திராயன்குப்பம் என்று அந்தக் கரை நெடுக இப்படித்தான். புதுச்சேரிக் கல்யாணம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் எங்கள் மாவட்டத்து மணலில் நின்றே மாலை மாற்றிக்கொள்கிறார்கள், அதே கரையின் மீனவக் குடும்பங்களுக்கு அந்த வெளிச்சத்தில் பங்கு ஏதும் வருவதில்லை.

அந்த விடுதிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். எல்லோரிடமும் கார் இருக்கிறதே என்றார் அண்ணன். மாமாவிடம் இல்லை. பால்காரரிடம் இல்லை. அன்று வண்டி ஓட்டியவரின் மகனிடமும் இல்லை. அவர் இப்போது எங்கள் பந்தியில் முதல் ஆளாக உட்கார வேண்டியவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்று வயதானவர்கள் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்கள்? தூரத்துத் தீவுக்கு இவ்வளவு கவலைப்பட்டு வழிகாட்டி எழுதிய குடும்பம், மரக்காணம் வழியாக வர வேண்டிய இந்தச் சில மைல்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. திண்டிவனம், விழுப்புரம் மண்டபங்களை விட்டுவிட்டு மாமல்லபுரத்துக்கும் கடலோரத்துக்கும் கல்யாணங்கள் நகர நகர, வராமல் நின்றுபோகிறவர்கள் யார் என்று பார்த்தால், எப்போதும் அதே ஆட்கள்: வண்டியில்லாதவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், இரவில் கண் தெரியாதவர்கள். அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. “உடம்பு சரியில்ல” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மொய்யை மட்டும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். இந்த மொய்க்கவர் என்னை வருத்துவதுபோல் வேறெதுவும் வருத்துவதில்லை.

அண்ணனிடம் இதை முழுசாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பஸ் எத்தினி மணிக்குக் கெளம்பணும், அப்பா எப்படிப் பண்ணுவாரு?” என்று கேட்டார்.

இரண்டு பஸ் பிடித்தோம். இடம் எங்கள் மாவட்டமே ஆனாலும் பாதை நடுவில் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஆகவே வெளியூர் வாடகை வண்டிக்கு பெர்மிட் பேச்சை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். அந்தப் பக்கம் கல்யாணம் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அழைப்பை மறுபடியும் அச்சடித்தோம். பொடி எழுத்தில் அல்ல, கண்ணாடி இல்லாமலும் படிக்கிற எழுத்தில், பஸ் புறப்படும் இடம், நேரம், நிற்கும் ஊர்கள், திரும்பும் நேரம், பஸ்ஸில் கூட வருகிறவரின் கைப்பேசி எண். திரும்பும் பஸ் ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. சீக்கிரம் தூங்குகிறவர்களும், பாட்டுக் கச்சேரி முடியும்வரை இருக்க நினைக்கும் பிள்ளைகளும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் பஸ்ஸின் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். கையில் பள்ளி நோட்டு, அதில் வீடு வீடாகப் பெயர்கள். மரக்காணம் கூட்டுச்சாலையில் நிறுத்தச் சொல்லி எண்ணினாளாம். ஒருவர் குறைந்தார். மாமாதான், நிலத்தில் தண்ணீர் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். டிரைவர் நேரமாகிறது என்றார். “அவரு வராம வண்டி கெளம்பாது. நீ எறங்கி டீ குடிச்சிட்டு வா” என்று அத்தை பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள்.

இந்த வருஷம் அண்ணனின் சம்பந்தி வழியில் ஒரு கல்யாணம் ஜலந்தரில். நாங்கள் சிலர் போகிறோம். சென்னையிலிருந்து ரயிலில் போவதா, டெல்லிவரை விமானத்திலா என்று பேச்சு நடக்கிறது. விசா வேண்டாத ஊர் என்பதால் அத்தையும் வருகிறாள். கீழ் பெர்த் கிடைத்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். அங்கே குளிருமாமே, காதைக் கட்ட எத்தனை மப்ளர் வாங்க வேண்டும் என்று நேற்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு மட்டுமல்ல, வருகிற எல்லோருக்கும்.